43ஆவது அசுரன்

சென்னையிலிருந்து வெளிநாடுகளுக்குக் கூட்டுச் சுற்றுலா நடத்தும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் மயிலாப்பூர்க்காரி. வயது 64. கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு தபால் நிலையத்தில் 31 ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டு பிப்ரவரியில் நானும் என் கணவரும் உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில் தாய்லாந்தையும் கம்போடியாவையும் பார்த்துவிட்டு வந்தோம். 6 இரவு, 7 பகல், 38 பேர். பார்த்துவிட்டு வந்தோம் என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்களை அழைத்துச் சென்றவர் யார் என்று சொல்லப் போவதில்லை. வந்த பிறகு நாலைந்து பேரின் பயணத் திட்டங்களை வாங்கிப் பார்த்தேன். ஹோட்டலின் பெயர் ஒன்று மாறியிருக்கும், இரண்டாம் நாள் மூன்றாம் நாளாகியிருக்கும். மற்றபடி ஒரே அச்சு. ஆகவே இது உங்கள் எல்லாருக்குமான மடல்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்ட நேரம் வரை எங்களை ஒரு படிவத்தையும் நிரப்ப விடவில்லை. சுவர்ணபூமி விமான நிலையத்தில் ஒரு மாமிக்குத் தலைசுற்றியபோது, கொடி பிடித்து முன்னே நடந்த அந்தத் தம்பி சக்கர நாற்காலி வரும்வரை தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை செய்வானா தெரியாது. எங்கள் குழுவில் கணவனை இழந்த பெண்கள் ஆறு பேர். தனியாகத் திருப்பதிக்குப் போகக்கூட வீட்டில் அனுமதி கேட்டுப் பழகியவர்கள், உங்களால்தான் கடல் கடந்தார்கள். அதைக் குறைத்துப் பேச நான் யார்?

இனி மனத்தில் உள்ளது.

தபால் வேலை பார்த்தவளுக்கு நேரம் குறிக்கும் பழக்கம் விடாது. முத்திரையில் தேதியையும் நேரத்தையும் மாற்றித்தான் என் காலைப்பொழுதுகள் தொடங்கின. அதனால் பயணம் முழுக்க ஒரு சின்ன நோட்டில் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நின்றோம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பாங்காக்கில் நவரத்தினக் கடை: 2 மணி 15 நிமிடம். தோல் பொருள் கடை: 50 நிமிடம். கம்போடியாவில் அங்கோர் வாட் கோயில்: 1 மணி 10 நிமிடம். பாயோன் கோயில்: 25 நிமிடம். தலைநகர் நோம் பென்னில் துவோல் ஸ்லெங் சிறை: 35 நிமிடம். இந்தக் கணக்கை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். நவரத்தினக் கடையில் நான் ஒரு கல்லும் வாங்கவில்லை. கடைக்காரருக்கும் உங்களுக்கும் இடையில் என்ன ஏற்பாடு என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

அங்கோர் வாட்டை நான் முதலில் பார்த்தது ஒரு தபால் தலையில். பிரிக்கும் மேசையில் வந்து விழுந்த ஒரு கடிதத்தில் ஐந்து கோபுரங்கள், கீழே பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிது. அதிலிருந்து ஒருநாள் போகவேண்டும் என்று ஆசை. அவ்வளவு ஆசையோடு போனவளுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

விடியும் முன் இருட்டில் எழுப்பி அழைத்துப் போனீர்கள். இடப்பக்கத்துக் குளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவர்களின் முழங்கைதான். வெளிச்சம் வந்து உள்ளே போனோம். கோயில் என்றால் எண்ணெயும் பூவும் ஈரத்தரையும் கலந்த ஒரு மணம் வர வேண்டும், எங்கோ ஒரு மணி அடிக்க வேண்டும், யாராவது யாரையாவது அதட்ட வேண்டும். இங்கே காய்ந்த கல்லும் வௌவால் நாற்றமும். நம்மூரில் வாசலில் நிற்கும் கோபுரம்தான் உயரம், கருவறை உள்ளே அடக்கமாக இருக்கும். அங்கே நேர்மாறு. உள்ளே போகப் போக ஏறிக்கொண்டே போகிறது, நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர். ‘சுவாமி எங்கே?’ என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டுக்கொண்டே வந்தார். விஷ்ணுவுக்காக எழுந்து, பிறகு பௌத்தக் கோயிலான இடம் அது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. என் கணவர் மெதுவாக, ‘மகாபலிபுரத்தில் கடலாவது இருக்கும்’ என்றார். நானும் தலையாட்டினேன். (மகாபலிபுரத்துக்கு நாங்கள் இருவரும் போய் 22 ஆண்டுகள் ஆகின்றன.)

மேற்கு வாயிலில் எட்டுக் கைகளோடு ஒரு விஷ்ணு நிற்கிறார். ஆளுயரத்துக்கு மேலே பெரிய உருவம், மேலே மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. உள்ளூர் மக்கள் அவரைத் தா ரீச் என்கிறார்கள். தா என்றால் தாத்தா. நம்மவர்கள் பார்த்ததும் ‘கோவிந்தா கோவிந்தா’ என்று கூட்டமாகக் குரல் எழுப்பினார்கள். அந்தக் கல் மண்டபத்தில் அது எப்படி எதிரொலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிலையின் காலடியில் ஒரு கிழவி தாமரை மொட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். கோபமில்லை. குழந்தைகள் கத்தினால் பாட்டிகள் பார்ப்பார்களே, அதுபோல் ஒரு பார்வை. பிறகு தன் வேலைக்குத் திரும்பினாள்.

என்ன வேலை என்கிறீர்களா? மொட்டின் வெளியிதழ் ஒவ்வொன்றையும் உள்பக்கமாக மடித்து, அதன் நுனியைக் காம்போரத்தில் செருகிக்கொண்டே வந்தாள். பத்து இதழ் மடிந்ததும் மொட்டு வேறு ஒரு பூவாகிவிட்டது. கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து, மடிப்பு, செருகல். மாடவீதியில் பூக்கட்டும் பெண்களின் விரல்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவள் நான். நார் இல்லை, முடிச்சு இல்லை, ஆனால் அதே வேகம், கையைப் பார்க்காமலே செய்யும் அதே லாகவம். நான் பார்ப்பதைக் கண்டு ஒரு மொட்டை என்னிடம் நீட்டினாள். நான் மடித்த முதல் இதழ் கிழிந்தது. அவள் சிரித்தாள். இரண்டாவது நின்றது. அதற்குள் கொடி நகர்ந்துவிட்டது. கோயில் மணம் இல்லை என்று குறைப்பட்டேனே, அது அவள் மடியில்தான் இருந்திருக்கிறது.

கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடையும் காட்சி சுவர் நெடுகச் செதுக்கியிருக்கிறது. சுமார் 49 மீட்டர் நீளம். தெற்கிலிருந்து வந்தால் முதலில் அசுரர்கள். உருண்டைக் கண், தலையில் கொண்டை வைத்த கவசம், வரிசையாக வாசுகியின் உடலைப் பிடித்து இழுக்கிறார்கள். மொத்தம் 92 அசுரர்கள், 88 தேவர்கள் என்று புறப்படும் முன் படித்திருந்தேன். எண்ணிப் பார்க்க ஆசை. சின்ன வயதில் கொலுவில் பொம்மைகளை எண்ணுவது போல ஒவ்வொரு முழங்காலாக எண்ணிக்கொண்டு போனேன். எல்லாரும் ஒரே அச்சு என்று முதலில் தோன்றியது. பத்துப் பேரைத் தாண்டியதும் கண்ணுக்குப் பழகிவிட்டது. ஒருவன் பல்லைக் கடித்திருக்கிறான், ஒருவன் பக்கத்தில் இருப்பவனை இழுக்கவிட்டுச் சும்மா பிடித்திருப்பதுபோல் தெரிகிறான். தபால் நிலையத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். 43ஆவது அசுரனிடம் வந்தபோது, ‘அம்மா, பஸ் காத்திருக்கிறது’ என்று குரல். கொடி மூலை திரும்பிவிட்டது. மிச்சம் உள்ளவர்களை ஓடிக்கொண்டே கடந்தேன்.

நடுவில் விஷ்ணு நிற்கும் இடத்துக்குக் கீழே, கடையும் வேகத்தில் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகப் போவதைச் சிற்பி செதுக்கியிருக்கிறான். அமுதம் எடுக்கும்போது கடலில் இருந்ததற்கு என்ன ஆகும் என்று யோசித்த ஒருவன் 12ஆம் நூற்றாண்டில் இருந்திருக்கிறான். பாற்கடல் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்த என் பாட்டிக்குக்கூட அந்த மீன்களின் நினைவு வந்ததில்லை. இதை நான் பார்த்தது சென்னைக்குத் திரும்பி, பேரனின் கணினியில். சில அடி தள்ளி ஓடிப்போனவள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து படத்தில் பார்த்தேன்.

அங்கோருக்கு ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாளுக்கு 62. நீங்கள் வாங்கியது ஒரு நாள் டிக்கெட். முழுநாளும் செல்லும் அந்த டிக்கெட்டில், பிற்பகல் 2 மணிக்கே எங்களை ஹோட்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள், மாலையில் இரவுச் சந்தைக்குப் போக வேண்டும் என்று.

இப்போது பஸ்ஸில் மைக் பிடித்துச் சொன்ன கதைக்கு வருகிறேன். ‘இதைக் கட்டியவன் நம் ராஜேந்திர சோழன். தமிழன் கட்டிய உலகத்திலேயே பெரிய கோயில்!’ பஸ் முழுக்கக் கைதட்டல். ராஜேந்திரன் மறைந்தது 1044இல். அங்கோர் வாட்டை எழுப்பிய கெமர் (கம்போடிய) அரசன் இரண்டாம் சூரியவர்மன் பட்டத்துக்கு வந்தது 1113இல். செத்து 69 ஆண்டு கழித்து ஒருவர் கோயில் கட்டினால் அது வேறு மாதிரியான செய்தி. அருகில் உட்கார்ந்திருந்த கம்போடிய வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. கைதட்டலைக் கேட்டு அவரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அவர் பாட்டன் பூட்டன் சொத்தை அவர் எதிரிலேயே நம் பெயருக்கு எழுதிக்கொண்டோம், அவரும் கைதட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பொய்யாவது சுவையாக இருக்கிறதா என்றால், உண்மைதான் அதைவிடச் சுவையாக இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. ஆண்டு பொறித்த கெமர் மொழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையது 611ஆம் ஆண்டினுடையது, அதாவது காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்ட காலம். அவர்கள் அரசர்களின் பெயரிலும் வர்மன்தான். அங்கோர் என்ற சொல்லே நகரம் என்பதன் திரிபு. குலோத்துங்க சோழனுக்குக் காம்போஜ (கம்போடிய) அரசன் ஒரு கல்லைக் காட்சிப் பொருளாக அனுப்ப, அது சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாகக் கல்வெட்டே இருக்கிறது. கடை பெயர்ப் பலகைகளில் அந்தச் சுழித்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், படிக்கத் தெரியாவிட்டாலும், நம் வீட்டுச் சாயல் உள்ள யாரையோ தூரத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் மொழி அவர்களுடையது. வியத்நாமியத்துக்கும் நம் நாட்டுச் சந்தாலிக்கும் உறவான குடும்பம். எழுத்தைக் கொடுத்தவர்கள் வீட்டையும் கட்டிக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?

பெருமைப்படத்தான் வேண்டும் என்றால் தா புரோம் கோயிலில் வழியிலேயே ஒரு காரணம் இருந்தது. ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186இல் எழுப்பிய கோயில். மரங்கள் வேர்விட்டு மதிலைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. அங்கே இடிந்த மண்டபங்களை எடுத்துக் கட்டும் வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கும் முன்னால், 1986 முதல் 1993 வரை, அங்கே போகவே பலரும் அஞ்சிய காலத்தில், நம்மவர்கள் அங்கோர் வாட்டில் வேலை செய்தார்கள். அதைச் சொல்லும் பலகையைக் கடந்துதான் நடந்தோம். மைக் அப்போது பேசவில்லை. மரத்தடியில் யார் முதலில் படம் எடுத்துக்கொள்வது என்ற தகராறில் இருந்தோம்.

படம் என்றதும் ஒன்று. சுவர்களில் 1,700க்கும் மேற்பட்ட தேவதைப் பெண்கள் நிற்கிறார்கள், தலை அலங்காரம் ஆளுக்கு ஒரு விதம். பல சிலைகளின் மார்பு கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப் பளபளக்கிறது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர், பேரன் பேத்தி எடுத்தவர், ஒரு சிலையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிற்பங்களைத் தொடாதீர்கள், தோளும் முழங்காலும் மூடி வாருங்கள், குரலைத் தாழ்த்துங்கள் என்று அங்கோர் நிர்வாகம் 2015இலேயே விதி வகுத்துப் படத்தோடு வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு அது விமானம் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டாமா? அரைக்கைச் சட்டையும் முக்கால் கால்சட்டையுமாக வந்த இரண்டு இளம்பெண்களுக்குப் பிரச்சினை இல்லை. கையில்லாத சட்டை போட்டுவந்த ஒரு தாயாரை மேல்தளத்துப் படிக்கட்டில் நிறுத்திவிட்டார்கள். கணவர் மேலே ஏறிப் போனார். அவர் கீழே உட்கார்ந்து கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சால்வை கொண்டுவரச் சொல்லியிருந்தால் போதும். உங்கள் தாளில் ‘ஊறுகாய் கொண்டுவரத் தேவையில்லை’ என்று மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

ஊறுகாய் உண்மையிலேயே தேவைப்படவில்லை. உங்களோடு வந்த சமையல்காரர், அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் வைத்த வத்தக்குழம்பு என் வீட்டில்கூட அப்படி அமைவதில்லை. என் கணவர் சைவம். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அந்த அடுப்பு இல்லாவிட்டால் பயணமே இல்லை. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் நான் மீன் சாப்பிடுகிறவள். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஏழு நாளில் ஒருவேளைகூட அந்த ஊர்ச் சாப்பாட்டை எங்கள் இலையில் வைக்கவில்லையே!

மூன்றாம் முறை இட்லி போட்ட காலையில், ஐந்தரை மணிக்கு, நான் மட்டும் ஹோட்டல் பின்புறத் தெருவுக்கு நழுவினேன். ஒரு பெண் அரிசி மாவை அச்சில் போட்டுக் கொதிக்கும் நீரில் பிழிந்துகொண்டிருந்தாள். நம் சேவை நாழியேதான், அளவில் பெரியது. அவர்கள் அதற்கு நும் பன்சோக் என்கிறார்கள். நாம் மாவை வேகவைத்துப் பிழிவோம் அல்லது பிழிந்து ஆவியில் வைப்போம். அவள் பிழிவதே கொதிநீருக்குள். வெந்த இழைகளைக் குளிர்ந்த நீரில் அலசி, கையில் சுற்றி, சின்னச் சின்ன வளையமாக அடுக்கினாள். மேலே எலுமிச்சம்புல்லும் மஞ்சளும் அரைத்துவிட்ட பச்சைநிற மீன் குழம்பு. அதன்மேல் பச்சை வாழைப்பூ! கள்ளன் எடுப்பதும் இல்லை, மோரில் போடுவதும் இல்லை, வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல மெல்லியதாகச் சீவிப் போட்டுவிட்டாள். துவர்க்கும் என்று பயந்தேன். இலேசாகத் துவர்த்தது, குழம்போடு சேர்ந்தபோது அதுதான் ருசியாக இருந்தது. கூடவே ஒரு கிண்ணத்தில் பிரஹோக் வைத்தாள், மீனைப் புளிக்கவைத்த விழுது. கருவாட்டுக்குப் பழகிய மூக்குதான் என்று நம்பி அருகில் கொண்டுபோனேன். முடியவில்லை. எல்லாம் பிடித்துவிட்டது என்று எழுத நான் வரவில்லை.

ஒரு டாலருக்கு மேல் கொடுத்ததற்கு அவள் மீதியை அவர்கள் நாணயமான ரியெலில் தந்தாள். கைகளைக் கூப்பினாள். யாருக்கு வணக்கம் என்பதைப் பொறுத்து அங்கே கூப்பிய கை ஏறி இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. நம் வழக்கப்படி மார்புக்கு நேரே கும்பிட்டேன். அவள் என்னைவிடச் சற்று மேலே கூப்பியிருந்தாள். என் நரையைப் பார்த்துத்தான் என்று பிறகு புரிந்தது. உங்கள் ஏழு நாளில் அந்தப் பதினைந்து நிமிடம்தான் நான் கம்போடியாவில் இருந்தேன்.

பிள்ளைகள் விஷயத்தில் என் மேலேயே எனக்குத் திருப்தி இல்லை. கோயில் வாசல்களில் ஏழெட்டு வயதுக் குழந்தைகள் அஞ்சலட்டைக் கட்டோடு ‘ஒன் டாலர், ஒன் டாலர்’ என்று பின்னாலேயே வருவார்கள். அவர்களிடம் வாங்கினால் பள்ளிக்கூடம் போகாமல் நாளைக்கும் வருவார்கள் என்று அங்கோர் நிர்வாகத்தின் அதே விதிகள் சொல்கின்றன. எனக்கோ அஞ்சலட்டை என்றால் கை சும்மா இருக்காது. பத்து வாங்கினேன். அனுப்ப ஒரு தபால் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். ‘திட்டத்தில் இல்லையே அம்மா.’ கடைசியில் அங்கோர் படம் போட்ட பத்து அட்டைகளையும் மயிலாப்பூர் முத்திரையோடு அனுப்பினேன். என் தங்கை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நோம் பென் பற்றி எழுத வேண்டும். ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சியம் ரீப்பிலிருந்து பஸ்ஸில் சுமார் 6 மணி நேரம். நேரம் போக வேண்டுமே என்று பாட்டுக்குப் பாட்டு வைத்தீர்கள். ஆண்கள் ஒரு கட்சி, பெண்கள் ஒரு கட்சி. நான் நன்றாகவே பாடினேன். ‘ம’வில் முடிந்தபோது பஸ் ஒரு தெருவில் நின்றது. திட்டத்தில் ‘அருங்காட்சியகம்’ என்று போட்டிருந்தது, அடுத்த வரியில் ‘ரஷ்யச் சந்தை, ஷாப்பிங்’. சிரித்துக்கொண்டே இறங்கினோம். வாசலில் ஒரு பலகை. சிரிக்கும் முகம் ஒன்று வரைந்து அதன்மேல் சிவப்புக் கோடு.

துவோல் ஸ்லெங் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1975இலிருந்து 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சித்திரவதைச் சிறையானது. ஆயிரக்கணக்கானவர்கள், குறைந்தது 14,000 பேர், உள்ளே போனார்கள். உயிரோடு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதன் தலைவனாக இருந்தவன் முன்பு கணக்கு வாத்தியார். நாடு முழுவதும் அந்த ஆண்டுகளில் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் மாண்டார்கள், மொத்த மக்கள்தொகையே 80 லட்சம் அளவில் இருந்த நாட்டில். இவ்வளவையும் நான் வந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது தரைதான். கட்டம் கட்டமாக மஞ்சளும் வெள்ளையும் மாறிவரும் தரை ஓடு. நான் படித்த பள்ளியிலும் அதே மாதிரி ஓடு. நொண்டி விளையாடுவதற்குத் தோதாக இருக்கும். அந்த ஓட்டின்மேல் செங்கல் வைத்து ஆள் படுக்கவும் போதாத அறைகளாகத் தடுத்திருந்தார்கள். மாடி வராந்தாவில் முள்கம்பி வலை. கைதிகள் குதித்துச் செத்துவிடக் கூடாதாம்.

ஒரு கூடத்தில் படங்கள் மட்டும். பிடித்து வந்ததும் எடுத்த படங்கள், சுவர் சுவராக. கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் நான் நின்றபோது என் வாயில் இன்னும் அந்த ‘ம’ பாட்டின் பல்லவி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த முயன்றேன். நிற்கவில்லை. அந்த அவமானத்தை உங்கள் தலையில் கட்டப் போவதில்லை, அது என்னுடையது. ஆனால் பஸ்ஸில் அரை மணி முன்னால் யாராவது மைக்கைப் பிடித்து, ‘இனி நாம் போகப்போவது இப்படிப்பட்ட இடம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் கம்போடிய வழிகாட்டி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். வெளியே வந்தபோது ஏன் என்று கேட்டேன். ‘என் அப்பாவின் அண்ணன்’ என்று மட்டும் சொன்னார். ராஜேந்திர சோழனுக்குக் கைதட்டிய அதே மனிதர்.

35ஆவது நிமிடத்தில் கொடி உயர்ந்தது. 50 நிமிடம் கழித்து நாங்கள் ரஷ்யச் சந்தையில் பட்டுத் துணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தோம். நானும் பேசினேன். எட்டு டாலர் குறைத்தேன்.

இவ்வளவு சொல்கிறவள் தன் ஊரில் என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். மார்கழியிலிருந்து மாசி வரை கபாலீசுவரர் கோயில் சந்நிதித் தெருவில் நாள்தோறும் வெளிநாட்டுக் கூட்டம் வரும். அங்கும் ஒரு கொடி, அங்கும் ஒரு குரல். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், வாசலில் செருப்பை விடுவார்கள், கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லை என்று நிறுத்திவிடுவார்கள், வெளியே வந்து இளநீர் குடிப்பார்கள், பஸ் வந்துவிடும். அங்கோரின் உச்சித் தளம்வரை எந்தச் சாதி, எந்த மதம் என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டில் ஏறும்போது எனக்கு நம் கொடிமரம் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், வேறு யாருக்காவது எழுதும் மடலில் பேசிக்கொள்கிறேன்.

அவர்களில் சிலர் என் கவுண்டருக்கு அஞ்சலட்டையோடு வருவார்கள். ஒருமுறை ஒரு பெண்மணி, தலை முழுக்க வெள்ளை முடி, தபால் தலையை ஒட்டிக்கொண்டே கேட்டாள்: தட்டில் நெருப்பு வருகிறதே, எல்லாரும் கையை அதன்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, ஏன்? எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ‘அது எங்கள் வழக்கம்’ என்று சொல்லி மீதிச் சில்லறையைத் தள்ளினேன். 31 ஆண்டில் அப்படி எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்! நும் பன்சோக் விற்றவள் என்னை அப்படித் தள்ளிவிடவில்லை. அரிசி அலசுவதைக் காட்டினாள், அச்சைத் திறந்து காட்டினாள். அவளுக்கும் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கவும் தயார். அங்கோருக்குப் போனால் மூன்று நாள் டிக்கெட் வாங்குங்கள். அதில் ஒரு பாதி நாளைக் கொடி இல்லாமல் விடுங்கள். இத்தனை மணிக்கு இந்த வாசலுக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னால் வந்துவிடுவோம். நாங்கள் குழந்தைகள் இல்லை. தொலைந்துவிடுவோம் என்று பயமாக இருந்தால் ஹோட்டல் முகவரியை அந்த ஊர் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். முகவரி எழுதிய எதையும் தொலைக்கவிடாமல் சேர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். மைக்கை ஒருநாளாவது உள்ளூர் வழிகாட்டியிடம் கொடுத்து, அவர் சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள். துவோல் ஸ்லெங்கைத் தனி அரைநாளாக வையுங்கள், அது என்ன இடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், விரும்பாதவர்கள் ஹோட்டலில் இருக்கட்டும். சந்தையை அதே நாளில் வைக்காதீர்கள். அதை வைத்தே ஆகவேண்டும் என்றால் அருங்காட்சியகத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கொடி பிடித்த தம்பியை இதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். எல்லாருக்கும் பிறகு படுத்து எல்லாருக்கும் முன் எழுந்தவன் அவன். ஆறாம் நாள் இரவு லிஃப்டில் அவனிடம், ‘தம்பி, நீ அந்தப் பாற்கடல் சிற்பத்தை முழுக்கப் பார்த்திருக்கிறாயா?’ என்று கேட்டேன். ‘பதினோரு முறை வந்திருக்கிறேன் அம்மா, ஒருமுறைகூட நின்றதில்லை’ என்றான்.

வரும் மாதம் உங்களில் ஒருவர் அதே பாதையில் இன்னொரு குழுவை அழைத்துப் போகிறார். என் நாத்தனார் பணம் கட்டிவிட்டார். நேற்று வீட்டுக்கு வந்து என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பருப்புப் பொடி வேண்டாம், சமையல்காரர் பார்த்துக்கொள்வார் என்றேன். தோளை மூட ஒரு சால்வை, கிழியாத டாலர் நோட்டுகளாகச் சில்லறை, ரப்பர் செருப்புக்குப் பதில் நல்ல பிடிப்புள்ள காலணி என்று சொல்லிவிட்டு, என் நோட்டையும் கொடுத்தனுப்பினேன். கிழக்குப் பிராகாரத்தில் 44இலிருந்து எண்ணத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்காரி,
மயிலாப்பூர், சென்னை